உள்ளே ஆள் இருக்கிறது

தண்ணீரில் மிதக்கும்போதுகூட என் கவனம் உடை மாற்றும் அறையின் வாசலில்தான் இருக்கும். இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் போய்த் திரும்பும்போதெல்லாம் தலையைத் தூக்கிப் பார்ப்பேன். யார் ஏறிப் போகிறார்கள், யார் இன்னும் குளத்தில் இருக்கிறார்கள் என்று எண்ணுவேன். எனக்கு முன்னால் இரண்டு பேர் போயிருந்தால் பரவாயில்லை. ஐந்து பேர் போய்விட்டால் நீச்சல் பாதியில் நின்றுவிடும்.

நான் நீந்தப் போனது ஆசைக்காக இல்லை. இருபத்திரண்டு வருடம் தையல் மெஷினில் குனிந்திருந்ததில் இடுப்பு எலும்பு விலகிவிட்டது. மூன்று மாதம் தினமும் நீந்துங்கள், சரியாகாவிட்டால் ஆபரேஷன்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அல்லிநகரத்துக்கு அப்பால், ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் நீச்சல் குளம் இருக்கிறது. காலை ஆறிலிருந்து ஏழு வரை பெண்களுக்கு. ஏழு மணிக்கு ஆண்கள் வந்துவிடுவார்கள். சுற்று வட்டாரத்தில் பெண்களுக்கென்று நேரம் ஒதுக்கியது அந்த ஒரு இடம்தான்.

நீச்சல் எனக்குப் புதிதில்லை. காமயகவுண்டன்பட்டியில் பிறந்தவள். தோட்டத்துக் கிணற்றில் பாவாடையை நெஞ்சுக்கு மேல் கட்டிக்கொண்டு குதித்தவள்தான். கரையேறியதும் காய்ந்த பாவாடையைத் தலைவழியாக மாட்டி, நாடாவைப் பல்லில் கடித்துக்கொண்டு, உள்ளே ஈரத்தை நழுவ விட்டால் முடிந்தது. பக்கத்தில் ஊரே நின்றாலும் ஒன்றும் தெரியாது. சுருளி அருவியில் பெண்கள் இன்றும் அப்படித்தான் மாற்றுகிறார்கள். ஆனால் இந்தக் குளத்தில் பாவாடை கூடாது. முழங்கால் வரைக்கும் இறுக்கமான நைலான் உடுப்புதான் போட வேண்டும். நனைந்த நைலான் தோலோடு ஒட்டிக்கொள்ளும். அதை உரிக்க இரண்டு கையும் வேண்டும், பல்லால் ஆகாது. அதனால் எனக்கு ஒரு கதவு தேவைப்பட்டது.

கதவு தேவைப்படாதவர்களும் அங்கே இருந்தார்கள். நடு அறையில், பெஞ்சுக்குப் பக்கத்திலேயே, பேசிக்கொண்டே மாற்றுவார்கள். எனக்கு அது வராது. கூடப் பிறந்த அக்கா முன்னால்கூட நான் சேலை மாற்றியதில்லை. இத்தனைக்கும் என் பிழைப்பு பெண்களுக்கு அளவெடுப்பது. அங்கே நீந்த வந்தவர்களில் நாலைந்து பேருக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுத்தவள் நான். யாருக்கு எந்தத் தோள் இறக்கம், யார் போன வருடத்தைவிட எவ்வளவு பெருத்திருக்கிறார்கள், எல்லாம் என் நோட்டில் இருக்கிறது. என் உடம்பை யாரும் அப்படிப் பார்த்துவிடக் கூடாது என்று எனக்கு ஒரு பயம்.

அறையின் ஓரத்தில் இரண்டு தடுப்புகள். ஒன்றில் தாழ்ப்பாள் விழும், இன்னொன்றில் விழாது. தாழ்ப்பாள் விழும் தடுப்புக்குத்தான் போட்டி. அதைப் பிடிக்க எங்கள் பெண்கள் டவுன் பஸ் வழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். பஸ் நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு சீட் பிடிப்பது போல, குளத்தில் இறங்குவதற்கு முன்பே கதவின் மேல் துண்டைப் போட்டுவிடுவார்கள். முதலில் போட்டவர் முதலில் உள்ளே போகலாம். ஆனால் துண்டின் மேல் துண்டு விழுந்த பிறகு எது முதல் என்று யார் கண்டது? அதில் தினமும் ஒரு சண்டை. "பஸ்ஸுலயாச்சும் கண்டக்டர் இருப்பாக, இங்கன கேக்க நாதியில்ல" என்று ஒருவர் சொல்வார். எங்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவர் குமுளிப் பக்கத்து மலையாளப் பெண், எங்களைவிட இளையவர். "மதி சேச்சி, மதி", போதும் அக்கா என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வெளியே போய்விடுவார்.

எல்லாருக்கும் முந்தித் துண்டு போடுவது ஒரு மளிகைக்கடைக்கார அக்கா. பஜாரில் கடை. அவருடையது நல்ல அடர்ந்த பச்சைத் துண்டு. உள்ளே போனால் பவுடர் போட்டு, பின் குத்தி, மடிப்பெடுத்து, சாவகாசமாகத்தான் வருவார். கதவைத் தட்டினால், "ஏத்தா, உள்ள என்ன நான் குடித்தனமா நடத்துறேன்? வாரேன்" என்பார். அவர் வெளியே வரும்வரை சொட்டச் சொட்ட நிற்பவள் நான். துண்டு போட எனக்குத் தைரியம் கிடையாது. என் துண்டை யாராவது எடுத்துவிட்டால் அது என்னுடையது என்று சொல்ல வேண்டியிருக்குமே. அதனால் எல்லாரும் மாற்றி முடிக்கட்டும் என்று சுவரோரமாக நிற்பேன். கண் கடிகாரத்தில் இருக்கும். ஆறு ஐம்பது. ஆறு ஐம்பத்தைந்து. வெளியே ஆண்களின் மோட்டார் சைக்கிள்கள் வந்து நிற்கும் சத்தம் கேட்கும். அவர்களுக்கும் அதே அறைதான்.

ஏழு மணிக்கு வாட்ச்மேன் அறை வாசலுக்கு வருவார். கதவைத் தட்டமாட்டார், கூப்பிடமாட்டார். பெண்கள் இருக்கும் இடத்தில் எட்டிப் பார்ப்பது மரியாதை இல்லை என்று நினைக்கிற மனிதர். வாசலில் கிடக்கும் செருப்பைத்தான் பார்ப்பார். பெண்கள் செருப்பு ஒரு ஜோடி கிடந்தாலும் ஆண்களை நிறுத்தி வைப்பார். செருப்பு இல்லை என்றால் உள்ளே ஆள் இல்லை. இதுதான் அங்கே கணக்கு. எனக்கும் அது தெரியும். தெரிந்துமா அப்படிச் செய்தேன் என்று பிறகு எத்தனையோ நாள் என்னையே கேட்டுக்கொண்டேன்.

அது நடப்பதற்கு முந்தின நாள் என் செருப்பை யாரோ மாற்றிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். வீடுவரை ஒருவருடைய பெரிய செருப்பை இழுத்துக்கொண்டு போனேன். அதனால் மறுநாள் என் செருப்பைக் கழற்றி வயர் கூடையில் போட்டு உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டேன். அன்றும் நான்தான் கடைசி. எல்லாரும் போன பிறகு தாழ்ப்பாள் விழும் தடுப்புக்குள் போனேன். கதவில் அக்கா மறந்துவிட்டுப் போன பச்சைத் துண்டு கிடந்தது. உடுப்பைப் பாதி உரித்திருப்பேன். வெளிக்கதவு திறந்தது. செருப்பு இல்லை என்று வாட்ச்மேன் ஆண்களை விட்டுவிட்டார்.

ஆறேழு பேர் இருக்கும். பேசிக்கொண்டே வந்தார்கள். அப்போதே "உள்ளே ஆள் இருக்கிறது" என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் அவர்கள் அடித்துப் பிடித்து வெளியே ஓடியிருப்பார்கள். குரல் வரவில்லை. ஒரு நிமிடம் தாண்டிவிட்டது. அதற்குப் பிறகு சொன்னால், இவ்வளவு நேரம் ஏன் சும்மா இருந்தாள் என்று கேட்பார்களே என்று அது வேறு பயம் வந்தது. சத்தம் போடாமல் சேலையைச் சுற்றினேன்.

தடுப்புக் கதவுக்கும் தரைக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. அதன் வழியே அவர்கள் கால்கள் எனக்குத் தெரிந்தன. அப்படியென்றால் என் கால்களும் அவர்களுக்குத் தெரியும். கால் விரலில் மெட்டி. அங்கே கிடந்த பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு அதன் மேல் ஏறி நின்றேன். திராட்சை விலையைப் பற்றி ஒருவர் புலம்பிக்கொண்டிருந்தார். இன்னொருவர் கதவைத் தட்டினார்.

"யாருப்பா அது? சீக்கிரம் வாய்யா."

என்ன செய்வதென்று தெரியாமல், தொண்டையைக் கனமாக்கி, "ம்" என்றேன்.

"மேலுக்குச் சரியில்ல போல. விடுய்யா, அங்கிட்டு மாத்திக்க" என்றார் மற்றவர்.

இடுப்பில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு இரண்டே நிமிடத்தில் மாற்றிவிட்டுப் போய்விட்டார்கள். ஒரு சண்டை இல்லை, ஒரு வரிசை இல்லை. வாளி மேல் நின்றுகொண்டு அதை நினைத்தபோது எனக்குக் கோபம்கூட வந்தது. தண்ணீரில் அவர்கள் குதிக்கும் சத்தம் கேட்ட பிறகு கதவைத் திறந்தேன். முகம் தெரியக் கூடாதென்று கதவில் கிடந்த துண்டை எடுத்துத் தலையோடு போர்த்திக்கொண்டு, குனிந்தபடியே வெளியே வந்தேன். வாட்ச்மேன் பார்த்துவிட்டார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் குளத்து முதலாளியே வந்திருந்தார். எங்களை வரிசையாக நிற்க வைக்கவில்லை, அவ்வளவுதான். ஆண்கள் நேரத்தில் ஒரு பெண் உள்ளே இருந்திருக்கிறாள், நாளைக்கு வெளியே ஒரு பேச்சு வந்தால் மண்டபத்துக்குக் கல்யாணம் பேச யார் வருவார்கள் என்று கேட்டார். யார் என்று தெரிய வேண்டும், தெரியாவிட்டால் மாதக் கடைசியோடு பெண்கள் நேரத்தை எடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். வாட்ச்மேனுக்கு முகம் தெரியவில்லை. பச்சைத் துண்டு போர்த்திய அம்மா என்று மட்டும் சொல்லியிருந்தார்.

எல்லாரும் மளிகைக்கடை அக்காவைப் பார்த்தார்கள். அவர் துண்டு அன்று அவரிடம் இல்லை. தொலைந்துவிட்டது என்றார். யாரும் நம்பவில்லை. தினமும் நெடுநேரம் கதவை அடைத்துக்கொள்கிறவர் வேறு யார் என்று ஒருவர் முணுமுணுத்தார். அக்காவுக்கு வாய் பெரிது. ஆனால் அன்று "எம்பிள்ளைக மேல ஆணையா நான் இல்ல" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். நான் சுவரோரமாக நின்றேன். அந்தத் துண்டு என் வீட்டுக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

நாலைந்து நாள் எனக்கு வேலையில் கவனமே இல்லை. துணி வெட்டினால் கை தப்பியது. ஒருவருடைய ஜாக்கெட்டுக்கு இன்னொருவர் கையைத் தைத்துப் பிரித்தேன். அக்கா குளத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார். துண்டுச் சண்டையும் நின்றுவிட்டது. தாழ்ப்பாள் விழும் தடுப்பு எனக்குச் சீக்கிரமே கிடைத்தது. உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டால், கதவின் மேல் அந்தத் துண்டு கிடந்த இடத்துக்குத்தான் கண் போனது. மாதக் கடைசிக்கு எட்டு நாள்தான் இருந்தது. இடுப்பு அப்போதுதான் கொஞ்சம் வளையத் தொடங்கியிருந்தது.

ஒரு மத்தியானம் அக்கா ஜாக்கெட் துணியோடு என் வீட்டுக்கு வந்தார். பழைய அளவே போதும் என்று சொல்லியிருக்கலாம். சொல்லாமல், எடுத்துக்கோ என்று கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். டேப்பைச் சுற்றினேன். போன தடவையைவிட இரண்டு விரற்கடை குறைந்திருந்தார். அவராகவே பேசினார். கடைக்கு வருகிற ஆட்கள் சிரிக்கிறார்கள் என்றார். கொழுந்தன் சாப்பாட்டின் நடுவில், "மதினி நீச்சலுக்குப் போனாகளா, ஆம்பளைகளப் பாக்கப் போனாகளா" என்று கேட்டாராம். வீட்டுக்காரர் ஒன்றும் கேட்கவில்லையாம். அதுதான் பெரிதாக இருக்கிறது என்றார்.

டேப் என் கையிலேயே நின்றுவிட்டது. அவர் முதுகுப் பக்கம் நான். முகம் தெரியாத இடம் அதுதான்.

"அக்கா, அன்னைக்கு உள்ள இருந்தது நான்தான்."

அவர் கையை இறக்கவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். செருப்பைக் கூடையில் வைத்தது, மெட்டி, வாளி, "ம்" என்றது வரை. கொடியிலிருந்து துண்டை எடுத்து வந்து மடித்துக் கொடுத்தேன். திட்டுவார் என்று நினைத்தேன். துண்டை விரித்துப் பார்த்தார்.

"துவைச்சுப் போட்டிருக்க. வாயத் தொறக்க மட்டும் சோப்பு பத்தலையோ?" என்றார்.

டேப்பைச் சுருட்டி வைத்தேன்.

"எங்கிட்ட சொல்லி என்ன செய்ய? அங்கன வந்து சொல்லு. எனக்கு நடந்தது அங்கனதான்."

அன்று இரவு முழுக்கப் புரண்டேன். போகாமலே இருந்துவிடலாமா, ஆபரேஷனே செய்துகொள்ளலாமா என்றுகூட நினைத்தேன். காலையில் போனபோது அக்கா எனக்கு முன்பே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பச்சைத் துண்டு மடியில். எல்லாரும் அவரைப் பார்க்காததுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. அதுதான் என்னைப் பேச வைத்தது.

"அந்தத் துண்டப் போத்திக்கிட்டுப் போனது நான். அக்கா இல்ல."

என் குரல் அந்த அறையில் எவ்வளவு சின்னதாக இருந்தது என்று எனக்கே தெரிந்தது. பின்னாலிருந்த ஒருவர் என்ன சொன்னாள் என்று பக்கத்தில் கேட்டார். திரும்பவும் சொல்ல வேண்டியதாகிவிட்டது. இரண்டாவது தடவை கொஞ்சம் சத்தமாக வந்தது. ஏன் கத்தவில்லை என்று கேட்டார்கள். கூச்சமாக இருந்தது என்றேன். "ம்" என்று சொன்னதைச் சொன்னபோது ஒருவர் சிரித்தார், பிறகு பலர். அக்கா சிரிக்கவில்லை. அன்று முணுமுணுத்த பெண்ணைப் பார்த்து, "இப்பச் சொல்லு தாயி, உள்ள இருந்தது யாரு?" என்றார். அந்தப் பெண் சட்டென்று தண்ணீருக்குப் போய்விட்டார்.

பயிற்சி கொடுக்கிறவர் என்னை முதலாளியிடம் கூட்டிக்கொண்டு போனார். நான் அதிகம் பேசவில்லை, அவர்தான் பேசினார். முதலாளி கேட்டுக்கொண்டார். பெண்கள் நேரம் இருக்கும், ஆனால் செருப்பை நம்பி இனி ஆண்களை விடப்போவதில்லை என்றார். ஏழுக்கு வாட்ச்மேன் வாசலில் நின்று, உள்ளே ஆள் இருக்கிறதா என்று மூன்று முறை கேட்பார். உள்ளே இருப்பவர் பதில் சொல்ல வேண்டும், அவர் காதில் விழும்படி.

அக்காவின் கொழுந்தன் இப்போது என்ன பேசுகிறார் என்று எனக்குத் தெரியாது. அக்கா சொல்வதில்லை. அந்த ஜாக்கெட்டை வாங்கிக்கொண்டு போனார், அடுத்த துணியை இன்னும் கொண்டுவரவில்லை. குளத்துக்கு மட்டும் வருகிறார். துண்டும் போடுகிறார். எல்லாரும் போடுகிறார்கள். நான் இன்னமும் போடுவதில்லை, அதனால் பெரும்பாலும் நான்தான் கடைசி. பதில் சொல்ல வேண்டியவளும் நான்தான்.

கடைசிச் சுற்றில் என் கண் கடிகாரத்துக்குப் போய்விடும். கரையைத் தொடுவதற்கு முன்னால் தலையைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, யாருக்கும் கேட்காமல், அந்தப் பதிலை ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொள்வேன்.