முழங்காலும் ஒரு வார்த்தைதான்

டார்லீன் ஹவ்ரிலுக்கைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதா என்று தெரியவில்லை. அவள் காரியத்தைக் கெடுத்தவர்களில் நானும் ஒருத்தி. ஆனாலும் பக்கத்து வீட்டுக்காரி நான்தான். வேறு யார் சொல்லப்போகிறார்கள்?

எங்கள் ஊர் சஸ்காச்சுவான் மாகாணத்தில், ரெஜைனா நகரத்திலிருந்து காரில் இரண்டு மணி நேர ஓட்டம். இங்கே இருபத்தாறு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள் டார்லீன். பதினான்காம் நம்பர் பஸ். மைனஸ் முப்பத்தெட்டு டிகிரிக் குளிரிலும் காலை ஐந்தரை மணிக்கு எழுந்து, ராத்திரி முழுக்க இன்ஜினைச் சூடாக வைத்திருக்கும் கரண்ட் வயரைப் பிடுங்கிச் சுருட்டிவிட்டுக் கிளம்புவாள். சரளைக்கல் ரோட்டில் பண்ணை பண்ணையாக எழுபது கிலோமீட்டர். "ஏய் உருளைக்கிழங்கு மூட்டைங்களா, உக்காருங்கடா!" என்ற அவள் அதட்டல், பஸ் எங்கள் தெருவைக் கடக்கும்போது என் சமையலறை வரை கேட்கும். பயப்படாத பிள்ளை கிடையாது, அவளை விட்டு நகர்கிற பிள்ளையும் கிடையாது. புருஷன் செத்த பிறகு அவளுக்கென்று இருந்தது அந்த பஸ் ஒன்றுதான்.

வலது முழங்கால் மூன்று வருஷத்துக்கு முன், ஒரு அக்டோபரில் கைவிட்டது. பிரேக் மிதிக்கிற கால். எலும்போடு எலும்பு உரசுகிறது, மூட்டையே மாற்ற வேண்டும் என்றார் எங்கள் ஊர் கிளினிக் டாக்டர். ரெஜைனாவில் ஆபரேஷன் செய்பவருக்கு எழுதிப்போடுகிறேன், ஒன்றரை வருஷம் வரை ஆகலாம், அவர்களே கூப்பிடுவார்கள் என்றும் சொன்னார். டார்லீன் நன்றி சொல்லிவிட்டு வந்தாள். பஸ் லைசென்ஸுக்கான அடுத்த உடல் பரிசோதனை இந்த வருஷம் ஆகஸ்டில் இருந்தது. அதற்குள் புது மூட்டு வைத்துக் கால் தேறிவிட்டால் பஸ் அவளுடையது. இல்லையென்றால் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

இப்போது ஒரு நட்சத்திர விவகாரத்துக்கு வருகிறேன். எங்கள் சர்ச்சில் ஜனவரி முதல் ஞாயிறு, நட்சத்திரத்தைப் பின்பற்றிப் போன மூன்று ஞானிகளின் கதை வாசித்து முடிந்ததும் ஒரு கூடை சுற்றி வரும். மஞ்சள் காகிதத்தில் வெட்டிய நட்சத்திரங்கள் கவிழ்ந்து கிடக்கும். ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். பின்னால் எழுதியிருக்கும் வார்த்தைதான் அந்த வருஷம் முழுக்க நமக்கு வழிகாட்டி. மாற்றிக்கொள்ளக் கூடாது. பிரிட்ஜில் ஒட்டி வைத்துத் தினமும் பார்க்க வேண்டும். அந்த வார்த்தைகளை எழுதுகிறவள் நான். என் கையெழுத்து அழகாக இருக்கிறது என்று பதினோரு வருஷத்துக்கு முன் யாரோ சொல்லித் தொலைத்தார்கள். ஒளி, கருணை, பயணம், நன்றி என்று யாருக்கும் வயிற்றைக் கலக்காத வார்த்தைகளாகப் பார்த்து எழுதுவேன்.

முதல் ஜனவரியில் டார்லீனுக்கு 'நம்பிக்கை' வந்தது. அடுத்த ஜனவரியில் 'அமைதி'. "பாத்தியா, உனக்குன்னே வந்திருக்கு!" என்று பெவ் டில்ஃபர்ட் கைதட்டினாள். பெவ் எங்கள் சர்ச் பெண்கள் சங்கத் தலைவி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. இன்னும் எல்லோரையும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளாகவே நினைப்பவள். நானும் கூடச் சேர்ந்து தலையாட்டினேன். டார்லீன் நம்பினாள், அமைதியாக இருந்தாள். பஸ் படியில் ஏற இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து உடம்பைத் தூக்கிக்கொண்டாள். ரெஜைனாவுக்கு ஒரு போன் போடவில்லை. "அங்க என்னைவிட மோசமா எத்தனை பேரோ. நாம வேற நச்சரிக்கணுமா?" என்பாள். எங்கள் ஊரில் இதற்கு நல்ல குணம் என்று பெயர். எனக்கு இப்போது அந்த நல்ல குணத்தை நினைத்தாலே எரிச்சலாக வருகிறது.

இந்த ஜனவரியில் அவளுக்கு வந்தது 'பொறுமை'.

அந்த வாரம் வியாழக்கிழமை சர்ச்சின் கீழ்த்தளக் கூடத்தில் சங்கக் கூட்டம். காபியும் பேரீச்சம்பழ கேக்கும். ஒவ்வொருத்தியாகத் தன் வார்த்தையைச் சொல்லிப் பூரித்துக்கொண்டிருந்தோம். டார்லீன் முறை வந்தது. தன் நட்சத்திரத்தை மேசையில் வைத்து, என் அழகான கையெழுத்தைக் குறுக்கும் நெடுக்குமாக அடித்து, கீழே கொட்டை எழுத்தில் 'முழங்கால்' என்று எழுதினாள்.

"இதான் இந்த வருஷம் என் வார்த்தை."

"டார்லீன், அது உடம்புல ஒரு பாகம்" என்றாள் பெவ்.

"இருக்கட்டும். எனக்கு அங்கதான வலிக்குது."

"நாம வார்த்தையைத் தேர்ந்தெடுக்கறதில்ல. வார்த்தைதான் நம்மைத் தேர்ந்தெடுக்கும்."

"அப்ப அதுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சு போல. ரெண்டே கால் வருஷம் பொறுத்தவகிட்ட வந்து பொறுமைங்குது! உனக்கு என்ன வந்துச்சு, பெவ்?"

"மகிழ்ச்சி."

"அதை எனக்குக் குடு. என் பொறுமையை நீ வச்சுக்க."

யாரோ சிரித்துவிட்டார்கள். பெவ் முகம் சுண்டிப்போனது. ஆனால் சங்கத்துக்கு ஒரு விதி உண்டு, பெவ்வே போட்டது: மாதம் ஒருமுறை ஒவ்வொருத்தியும் தன் வார்த்தை எந்த அளவில் இருக்கிறது என்று சொல்லியாக வேண்டும். அதனால் டார்லீனுக்கு மாதா மாதம் முழங்காலைப் பற்றிச் சொல்ல ஏதாவது வேண்டியிருந்தது. முதல் முறையாக ரெஜைனாவுக்குப் போன் போட்டாள்.

பிப்ரவரியில் வந்து, காத்திருக்கச் சொல்லி நாற்பது நிமிஷம் போனில் பாட்டுப் போட்டார்கள், பிறகு லைன் அறுந்துவிட்டது என்றாள். மார்ச் கூட்டத்துக்கு வந்தவள் கோட்டைக் கூடக் கழற்றவில்லை.

"பேரைச் சொன்னேன். பிறந்த தேதி சொன்னேன். அந்தப் பொண்ணு ரெண்டு தடவை தேடிப் பாத்துட்டு, அப்படி ஒரு பேரே எங்ககிட்ட இல்லைங்கறா. நம்ம கிளினிக்ல போய்க் கேட்டேன். எழுதின லெட்டர் என் ஃபைல்லயே இருக்கு. அனுப்பவே இல்ல." நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "நான் வரிசையில நிக்கறேன்னு நெனச்சேன். நான் எந்த வரிசையிலயும் இல்ல."

பெவ்வுக்குச் சும்மா இருக்க முடியவில்லை. "இதுலயும் நமக்கு ஒரு பாடம் இருக்கும், டார்லீன்..."

"பெவ், நீ ரிட்டயர் ஆயிட்ட. பாடத்தை விடு."

கிளினிக்கில் ஆறு தடவை மன்னிப்புக் கேட்டார்கள். லெட்டர் அன்றைக்கே போனது. ஆனால் வரிசை அன்றிலிருந்துதான் தொடங்கும். எப்படிக் கணக்குப் போட்டாலும் அடுத்த வருஷக் கோடைக்கு முன்னால் ஆபரேஷன் இல்லை. டார்லீன் வாராவாரம் போன் போட்டாள், கெஞ்சினாள், கத்தினாள். இரண்டு வருஷம் முன்னால் கத்தியிருக்க வேண்டியது.

ஆகஸ்டில் பரிசோதனைக்கு நான்தான் காரில் கூட்டிப்போனேன். இருபது நிமிஷத்தில் வெளியே வந்தாள். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது.

"திடீர்னு பிரேக் போடற மாதிரி மிதிச்சுக் காட்டச் சொன்னாரு. முடியல. நானா இருந்தாலும் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன். பின்னாடி முப்பத்தொரு பிள்ளைங்க."

என் மனதை அறுத்துக்கொண்டிருந்ததைச் சொன்னேன். "அந்த வார்த்தையெல்லாம் எழுதினது நான்தான், டார்லீன். என்னை மன்னிச்சிரு."

அவள் என்னை முறைத்துப் பார்த்தாள். "காகிதத்துல எழுதினதுக்கு எதுக்குடி மன்னிப்பு? இந்த மூணு வருஷமும் நீ பக்கத்து வீட்லதான இருந்த. நான் படியேறறதை ஜன்னல் வழியா தினம் பாக்கற. ஒரு நாளாவது 'ரெஜைனாவுக்குப் போன் பண்ணியா'ன்னு கேட்டியா? சூப் கொண்டுவந்து குடுத்த. பொறுத்துக்கோன்னு சொன்ன. என் தப்புதான், நான் கேக்கல. ஆனா நீயும் கேக்கலையே!"

அவள் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. கார்க் கதவைத் திறந்து, ஏறுவதற்குக் கை கொடுத்தேன். தட்டிவிட்டாள். முதலில் இடுப்பை உள்ளே நகர்த்தி, பிறகு வலது காலை இரண்டு கையாலும் ஒரு மூட்டையைப் போலத் தூக்கி உள்ளே வைத்தாள். வலியில் அவள் பல்லைக் கடிப்பது எனக்குக் கேட்டது. நான் கதவைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றேன். இத்தனை காலமும் நான் செய்தது அதைத்தான்.