குளந்தை

ஸ்டூடியோக்காரிக்கு ழகரம் என்றால் ஜென்மப் பகை. பேசும்போது எப்படியோ ஒப்பேற்றிவிடுவாள். அவசரமாகத் தட்டச்சு செய்தால் விரல் தானாக ‘ள’வுக்குப் போய்விடும். மற்றபடி வேலையில் கெட்டிக்காரி. எடுத்த படத்தையெல்லாம் கணினியில் ஒரே இடத்தில் கொட்டிவிட்டு, பெயரில் மட்டும் ‘கல்யாணம்’, ‘குழந்தை’ என்று ஒரு சொல்லைச் சேர்ப்பாள். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு தேடலைச் சேமித்து வைத்திருந்தாள். ‘குழந்தை’ தேடலைத் திறந்தால் போதும், அந்தப் பெயர்கொண்ட படமெல்லாம் ஓடி வந்து வரிசையில் நிற்கும்.

கடையில் ஒத்தாசைக்கு இருந்த கொழுந்தனுக்கு இந்தச் சூட்சுமம் புரியவில்லை. கணினி மந்தமாகிவிட்டதென்று போன வாரம் சுத்தம் செய்ய உட்கார்ந்தவன், தேடலில் தெரிந்ததை நகல் என்று நினைத்து மொத்தமாக அழித்தான். குப்பைத்தொட்டியையும் காலி செய்தான். ரொம்பப் பொறுப்பான பிள்ளை, போங்கள்.

அந்த லட்சணம் இன்றைக்குத்தான் வெளிப்பட்டது. பத்து வயது அக்கா மகள், அம்மா திட்டினாள் என்று கோபித்துக்கொண்டு காலையில் போனவள் திரும்பவில்லை. அம்மாவின் போனையும் தூக்கிக்கொண்டு போயிருந்தாள். படங்களெல்லாம் அதில்தான், போனோ அணைந்து கிடந்தது. முகம் தெளிவாகத் தெரிகிற படம் வேண்டும் என்றார் போலீஸ்காரர். அக்கா தலைவிரிகோலமாக ஸ்டூடியோவுக்கு ஓடி வந்தாள்.

“ஸ்கூலுக்குன்னு போன வருஷம் நீதானேடி எடுத்தே. சீக்கிரம் எடு.”

தங்கை ‘குழந்தை’ தேடலைத் திறந்தாள். ஒன்றுமே இல்லை. மூடித் திறந்தாள். வெறும் வெள்ளைத் திரை.

பின்னால் நின்ற கொழுந்தன் திரையை எட்டிப் பார்த்தான். “ரெண்டு ரெண்டா இருந்துச்சு அண்ணி. அதான் ஒண்ண அழிச்சேன்.”

“அது ரெண்டு இல்ல தம்பி. ஒரே படத்தைத்தான் அங்கயும் காட்டும்.” அவள் அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். “பெத்தவ நிக்கிறா. நான் எதைக் காட்டுவேன்?”

அக்கா சுவரோரம் சரிந்து உட்கார்ந்துவிட்டாள். “முகம்கூட இல்லாம எப்படிடி தேடுவாங்க?”

ஸ்டூடியோக்காரி அந்தத் தேடலை மூடினாள். பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் இந்தக் கடையைக் கொளுத்திவிட வேண்டியதுதான் என்று நினைத்தாள். கண்ணீரில் திரை கலங்க, தேடல் பெட்டியில் அதே சொல்லைப் புதிதாகத் தட்டினாள். விரல் பழைய புத்தியைக் காட்டியது: ‘குளந்தை’.

ஒரே ஒரு படம் வந்தது.

என்றைக்கோ பிழையாகப் பெயரிட்டதால் சேமித்த தேடலில் சிக்காமல், கொழுந்தன் கையிலும் மாட்டாமல் கிடந்த படம். சிரிக்கச் சொன்னதற்கு மகள் முறைத்துக்கொண்டு நின்றாளென்று அக்கா வேண்டாம் என்று ஒதுக்கியது. அதையே அச்சிட்டார்கள். காகிதத்தின் அடியில் கோப்பின் பெயரும் சேர்ந்து விழுந்தது. அழிக்க யாருக்கு நிதானம் இருந்தது?

பேருந்து நிலையத்தில் ஒரு நடத்துநர் படத்தைப் பார்த்ததும் சொன்னார்: “இந்த உம்மணாமூஞ்சியா? கடைசி ஸ்டாப்ல பெஞ்சுல உக்காந்திருக்கு சார். இதே மூஞ்சிதான்.”

சாயங்காலம் அக்கா மகளை மடியைவிட்டு இறக்கவேயில்லை. மகளோ அந்தக் காகிதத்தை வாங்கி உற்றுப் பார்த்தாள்.

“சித்தி, குழந்தைக்கு இந்த ‘ள’ வராது.”

சித்தி அவள் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். பிறகு அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.