‘வாறன்’ என்ற சொல்லும் ஒரு சுவீடன் படமும்

ஞாயிறு காலைகளில் திரையரங்கைக் கூட்டித் துடைத்துவிட்டு இறங்கும்போது, நுழைவுச்சீட்டு விற்கும் ஜினெத் அம்மையாரிடம் பிரெஞ்சில் “ஜ வியான்” என்பேன். வருகிறேன் என்று அர்த்தம். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், அவர் கதவைப் பூட்டாமல் எனக்காகக் காத்திருந்தாராம். மறுவாரம் இடுப்பில் கைவைத்து நின்றார். “வருகிறேன் என்றாயே, முசியே! உனக்கு ஊற்றிய கோப்பி போன ஞாயிறே ஆறிப்போய்விட்டது. நீ வருகிறவனா, போகிறவனா?” எங்கள் பக்கம் போகிறவன்தான் வருகிறேன் என்பான் என்று விளங்கப்படுத்த என் பிரெஞ்சு போதவில்லை. இரண்டு வருடமாக அது அவருக்குப் பகிடி. எனக்கும் வாய் திருந்தவில்லை.

போன மாசி மாதம் ஒருநாள், “இன்றைக்கு இருந்து பார். கதையே கிடையாது, உனக்குப் பிடிக்கும்” என்று ஒரு சீட்டை நீட்டினார். பேசும்படம் தொடங்கிய காலத்தில் யாரோ பரீட்சார்த்தமாக எடுத்த சுவீடன் படம். அரங்கில் பத்துப் பேர் இருந்திருப்போம். தீவொன்றில் நடுவயது மனிதன் ஒருவன் கதிரையில் உட்கார்ந்து, தான் எதற்காக உயிரோடிருக்கிறான் என்று சுவரைக் கேட்கிறான். சுவர் பேசவில்லை. மீன் வெட்டிக்கொண்டிருந்த தமக்கையும் பேசவில்லை. அவன் தொப்பியை எடுத்தான். கீழே பிரெஞ்சில் எழுத்து ஓடியது: நான் போகிறேன். எனக்குத் திக்கென்றது. வீட்டைவிட்டு இறங்குகிறவன் இப்படியா சொல்லுவான்? கதவு சாத்திக்கொண்டது. கமரா அவன் பின்னால் போகவில்லை. அந்தக் கதிரையையே பார்த்துக்கொண்டிருந்தது. வெளிச்சம் அதன்மேல் ஏறியது, இறங்கியது, நேரம் போய்க்கொண்டேயிருந்தது. நாலைந்து பேர் எழுந்து போய்விட்டார்கள். என்னால் எழும்ப முடியவில்லை.

முதல்நாள்தான் மன்னாரில் இருக்கும் அக்காவோடு தொலைபேசியில் கதைத்திருந்தேன். ஊரில் சண்டை ஓய்ந்திருந்தது.

“தம்பி, பள்ளிக்கூடத்துக்குப் புதுசா வந்த ரீச்சர் இருக்க இடமில்லாமல் நிக்கிறா. உன்ரை அறையைக் குடுக்கட்டோ?”

“என்னை ஏன் கேக்கிறியள்?”

“நீ வாறனெண்டு சொல்லிப்போட்டெல்லோ போனனீ. அதுதான்.”

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். பதினெட்டு வருடங்களுக்கு முன், அந்த அறை வாசலில் சப்பாத்து நாடாவைக் கட்டியபடி “வாறன் அக்கா” என்றேன். அன்றிலிருந்து அவள் அறையைக் கூட்டுகிறாள், கட்டிலுக்கு மேல் நுளம்புவலையைத் தோய்த்துக் கட்டுகிறாள். சுவீடன்காரன் உள்ளதைச் சொல்லிவிட்டுப் போனான். அவன் தமக்கை மறுநாளே கதிரையை ஓரமாக நகர்த்தியிருப்பாள். நான் நல்ல சொல்லைச் சொன்னேன். அது ஒருத்தியைப் பதினெட்டு வருடம் காக்கவைத்துவிட்டது.

படம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். “ரீச்சருக்குக் குடுங்கோ, அக்கா.”

“அப்ப நீ வரமாட்டியோ?”

“வந்தா விறாந்தையில படுப்பன்.”

“ஓம், படுத்திட்டு முதுகு பிடிச்சிட்டுதெண்டு கத்து!” சிரித்தாள். சிரிப்பின் கடைசியில் மூக்கை உறிஞ்சினாள். போறன் என்று ஒருதரமாவது சொல்லிவிடலாமென்று வாயைத் திறந்தேன். “வாறன் அக்கா” என்றுதான் வந்தது.

அடுத்த ஞாயிறு ஜினெத்திடம், படத்தில் வாசித்த சொல்லையே சொன்னேன்: “ஜ மான் வே.” போகிறேன். அம்மையாரின் முகம் மாறிவிட்டது. “ஏன்? வேலையை விட்டுவிட்டாயா?”

இல்லையென்று தலையை ஆட்டிவிட்டு இறங்கினேன். பனிக்குள் நின்று திரும்பிப் பார்த்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கையில் சாவியோடு, இன்னும் பூட்டாமல் நின்றார்.