கழுவாத மாங்காயின் தோல்

வேலியோரத்து எட்டு மரங்களில் நான் காய் பறித்த அன்று நைனா இருந்தார், அக்கா வீட்டுக்காரர் இருந்தார். அம்மா மட்டும் இல்லை. நூறுநாள் வேலைக்குப் போயிருந்தார்.

நாகலாபுரம் பக்கம் எங்கள் மாந்தோப்பு. வேலிக்கு அந்தப்புறம் பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கிய கொட்டகை ஒன்று சில வருடம் ஓடி மூடிப்போனது. திருப்பதியில் எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படிக்கிறேன். மண்ணிலுள்ள உலோகம் வேர் வழியாகப் பழத்துக்கும் ஏறலாம் என்று வகுப்பில் கேட்டதிலிருந்து எனக்கு அந்த எட்டு மரங்களின் நினைப்புதான். நைனாவிடம் சொன்னேன்.

"ஈயம் இருந்தா எட்டையும் வெட்டிடறேன். எவன் வூட்டுப் புள்ளயோ துன்னும்" என்றார். குடத்தில் தண்ணீர் சுமந்து அவர் வளர்த்த மரங்கள்.

"காய வாங்கற ஜூஸ் ஃபேக்டரிக்காரனே கேக்கல. இவன படிக்க வெச்சது உங்க தப்பு மாமா" என்று அக்கா வீட்டுக்காரர் சிரித்தார்.

ஒப்பிட்டுப் பார்க்கக் கிணற்றோர மரங்களிலும் காய் பறித்தேன். இரண்டு இடத்து மண்ணும் எடுத்தேன். மறுநாள் காலை பைகளோடு திருப்பதி பஸ் ஏறினேன். லேபில் பாதிக் காய்களைக் கழுவியும் பாதியைக் கழுவாமலும் பார்க்கச் சொன்னேன். தோல் தனி, சதை தனி.

ரிப்போர்ட் போனில் வந்தபோது பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தேன். வேலியோர மண்ணில் ஈயம் நிறைய. சதையிலோ இல்லை என்றே சொல்லலாம்! ஈயத்தை மண்ணே இறுகப் பிடித்துக்கொள்கிறது. தப்பி ஏறுவதில் பெரும்பங்கு வேரிலேயே நின்றுவிடுகிறது. புத்தகத்தில் படித்தது எங்கள் மரத்தில் நடந்திருந்தது. கத்த வேண்டும் போலிருந்தது.

ஆனால் கழுவாத தோலில் ஈயம் அதிகம். கொட்டகைத் தூசி என்று நைனாவுக்குப் போன் செய்தேன்.

"அப்போ வெட்டணுமா?"

"இரு நைனா, அவசரப்படாத" என்று ரிப்போர்ட்டை மறுபடி பார்த்தேன். சுத்தமான மண்ணில் நிற்கும் கிணற்றோர மரத்துக் காயின் கழுவாத தோலிலும் அதே அளவு! அவ்வளவு தூரம் தூசி எப்படிப் போகும்? நேராக வீட்டுக்கு வந்து, பையை யார் தொட்டது என்று கேட்டேன்.

"நான்தான். மொத காய்டா அது. மஞ்ச குங்குமம் வெக்காம அனுப்புவாங்களா?" என்றார் அம்மா. "நீ குளிக்கப் போனப்போ வெளக்கு முன்னால வெச்சிப் பொட்டு வெச்சேன். முந்தானையில தொடச்சித்தான் உள்ள போட்டேன், இன்னா இப்போ?"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. குங்குமத்தையும் மஞ்சளையும் பொட்டலம் கட்டினேன். எட்டு மரத்திலும் மறுபடி காய் பறித்தேன்.

"இந்த வாட்டி கிட்டவே வரமாட்டேன், போ" என்றார் அம்மா.

இம்முறை கழுவாத தோலும் சுத்தம், மஞ்சளும் சுத்தம். திருவிழாக் கடையில் வாங்கிய குங்குமத்தில்தான் அத்தனை ஈயமும். அம்மா டப்பாவோடு தோட்டத்துக்குக் கிளம்பினார்.

"மண்ணுல கொட்டாதம்மா!" என்று அலறிக்கொண்டு ஓடினேன்.

"இவன் ஒருத்தன், ஓடிக்கினே இருக்கான்" என்று டப்பாவை என் கையில் திணித்தார்.

வேலியோரத்தில் கீரையோ முள்ளங்கியோ போட வேண்டாம், அவற்றில் அந்த மண்ணே ஒட்டிக்கொண்டு வரும் என்று நைனாவிடம் சொன்னேன். தலையாட்டினார். எட்டு மரத்துக் காயையும் டிராக்டரில் ஏற்றச் சொல்லிவிட்டு, லேப் பில்களைக் கேட்டு வாங்கிக் கூட்டினார். மண், காய், மறுபடியும் காய், மஞ்சள், குங்குமம்: பதினோராயிரத்து நானூறு ரூபாய்.