அண்ணன் பிடித்த வண்டு

அருங்காட்சியகத்தின் கீழ்த்தளத்தில், பூச்சிகளை ஸ்கேன் செய்யும் அறையில் வேலை பார்த்த அவளை எல்லோரும் ஊசியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கடுகளவு வண்டையும் கால் முறியாமல் ஊசியிலிருந்து கழற்றி, சின்னக் குழாயில் பஞ்சு வைத்து ஆடாமல் நிறுத்திவிடுவாள். இயந்திரத்துக்குள் அது மெல்லச் சுழலும். எக்ஸ்ரே படங்கள் ஒன்றுசேர்ந்து, அந்த வண்டு திரையில் யானை மாதிரி எழுந்து நிற்கும். "பாத்து, மிதிச்சிடப் போகுது" என்பாள், புதிதாக வருகிறவர்களிடம்.

அவள் அண்ணன் அதே அருங்காட்சியகத்துக்குப் பூச்சி பிடித்துத் தருகிறவன். கடைசியாகப் போன மலையிலிருந்து போன் செய்தான். "ஒரு வண்டு கெடச்சிருக்கு. தாடையே வேற மாதிரி. இது புதுசுதான்."

"உனக்குப் பாக்கிறதெல்லாம் புதுசுதானே!" என்று சிரித்துவிட்டாள்.

"இரு, இன்னும் நாலு பிடிச்சுட்டு வந்து காட்டுறேன்" என்றான் ரோஷத்தோடு. மறுநாள் மழையில் பாறை வழுக்கி விழுந்தான். அந்த வண்டு இருந்த பூச்சிப் பெட்டி மட்டும் வந்து சேர்ந்தது.

இரண்டு வருடம் அது அலமாரியிலேயே கிடந்தது. யார் கேட்டாலும் "அதோட முறை இன்னும் வரல" என்பாள். கடைசியில் பூச்சிப் பிரிவின் ஆய்வாளர் அம்மாவே வந்து நின்றார்.

"உன்னால முடியலன்னா வேற யாரையாவது செய்யச் சொல்லட்டுமா?"

"வேணாம் மேடம். வேற யாரும் தொட வேணாம்."

வண்டு குத்தியிருந்த ஊசியில் அண்ணனின் கோணல் எழுத்தில் ஒரு சீட்டு: தேதி, இடம், ஓரத்தில் 'புதுசு!'. ஸ்கேனுக்கு அந்தச் சீட்டைக் கழற்றியாக வேண்டும். கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

பிறகு, திரையில் தாடையின் வளைவுகள்மேல் நாற்பது புள்ளிகள் வைத்தாள். கணினி அந்த வடிவத்தை மற்ற வண்டுகளோடு ஒப்பிட்டது. ஏற்கெனவே பெயர் வைத்த, ஊரெல்லாம் கிடைக்கிற இனம். புள்ளிகளை அழித்து மறுபடி வைத்தாள். மூன்றாம் தடவையும் அதேதான்.

"விடும்மா" என்றார் ஆய்வாளர், தணிந்த குரலில். "எத்தன தடவ வெச்சாலும் வண்டு மாறாது."

அன்று மாலை அண்ணி வீட்டுக்குப் போனாள். துணி மடித்துக்கொண்டிருந்த அண்ணி நிமிர்ந்து பார்த்தாள்.

"அவர் சொன்ன மாதிரி புதுசா?"

பொய் நாக்கு நுனிவரை வந்தது. "இல்ல அண்ணி. எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்."

"இதுக்காகவா அந்த மழையில போனாரு?"

"நான் சிரிச்சேன் அண்ணி. அதனாலதான் திரும்பப் போனான்."

அண்ணி மடித்த துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இப்போதும் ஊசியக்கா வாரம் ஒருமுறை போன் செய்கிறாள். அண்ணி எடுக்கிறாள். பிள்ளைகள் நன்றாக இருப்பதாகச் சொல்கிறாள். வீட்டுக்கு வா என்று மட்டும் கூப்பிடுவதில்லை.