ரோசாக் கடதாசியும் நீலக் கடதாசியும்

பிள்ளைகளுக்கு விளம்பரத்தைப் பற்றிப் படிப்பிப்பது, ஊரில் உள்ள எல்லாக் கடைகளோடும் ஒரே நேரத்தில் சண்டை பிடிக்கிற உத்தியோகம். வெண்கட்டித் தூள் விழுங்கும் சக ஆசிரியர்களே, உங்களுக்குத் தெரியாததா? யுத்தம் முடிந்தபின் வெளிநாட்டிலிருந்து கற்பிட்டிக்குத் திரும்பி, ஏழாம் வகுப்பைப் பொறுப்பெடுத்தேன். தமிழிலும் சிங்களத்திலும் படித்தவள் என்பதால் தொலைக்காட்சியில் இரண்டு மொழி விளம்பரங்களும் விளங்கும். இரண்டிலும் மகன்தான் சேற்றில் விளையாடுகிறான். அம்மாதான் உடுப்புத் தோய்க்கிறாள்.

தண்ணிப் போத்தல்

ஒரே அச்சில் வார்த்த இரண்டு போத்தல்களை மேசையில் வைத்தேன். நீலத்தில் கார்ப் படம், ரோசாவில் இளவரசி. எதில் உள்ள தண்ணீர் ருசி என்று கேட்டேன். முன்வாங்கில் உட்கார்ந்திருந்த சஹ்னா இரண்டிலும் குடித்துப் பார்த்து, "ஒரே தண்ணிதான்" என்றாள். அடுத்து அஃப்ராஸைக் கூப்பிட்டேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"தாகத்துல மவுத்தாப் போனாலும் அந்த ரோசாப் போத்தல்ல குடிக்க மாட்டன் டீச்சர்."

அதிபரின் அறை

பாடம் வகுப்போடு நிற்கவில்லை. பிள்ளைகள் சந்தியில் உள்ள விளையாட்டுச் சாமான் கடைக்குப் போய், பந்து ஏன் ஒரு பக்கம், சமையல் செட் ஏன் மறுபக்கம் என்று முதலாளியைக் குடைந்திருக்கிறார்கள். எங்கள் விளையாட்டுப் போட்டிக்கு வருசா வருசம் பரிசு தருபவர் அவர்தான். அதிபர் என்னைக் கூப்பிட்டார். பாடத்தை நிறுத்த மாட்டேன் என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"பொஸ்தகத்துல உள்ள கடையப் பத்திப் படிச்சுக் குடுங்க டீச்சர், சந்தியில உள்ள கடைய உட்டுருங்க."

சுற்றாத பரிசு

பெண்பிள்ளைகளுக்குச் சமையல் செட்டை ரோசாக் கடதாசியிலும் ஆண்பிள்ளைகளுக்குப் பந்தை நீலக் கடதாசியிலும் சுற்றிவைப்பது எங்கள் பாடசாலை வழக்கம். சஹ்னா கடற்கரையில் கூடப்பிறந்த நானாமாரோடு பந்தடிக்கிறவள். போன வருசம் ஓட்டத்தில் முதலாவதாக வந்து, ரோசாப் பொதியைப் பிரித்துவிட்டு அழுதாளாம். இந்த வருசமும் அவள்தான் முதல். பரிசு அடுக்கும் வேலை எனக்கு. ஒன்றையும் சுற்றாமல், எல்லாவற்றையும் கலந்து மேசையில் பரப்பி, 'விரும்பியதை எடுங்கள்' என்று எழுதி ஒட்டினேன். பக்கத்து வகுப்பு ரம்சியா டீச்சர் மிஞ்சிய கடதாசிகளை மடித்தார்.

"இத வீணாக்காம உங்கட இடமாற்றக் கடிதத்தச் சுத்திக் குடுப்பம்."

மேடையில்

சஹ்னா நேராகப் போய்ப் பந்தைத் தூக்கினாள். பரிசு கொடுக்க நின்ற முதலாளியும் அதைப் பிடித்துக்கொண்டார். "அது ஆம்புளப் புள்ளைகளுக்கு மகள்." அதிபர் என்னை முறைத்தார். நான் கண்ணைத் தாழ்த்தவில்லை. சஹ்னா பிடியை விடவில்லை.

"போன வருசம் தந்த சமையல் செட்டுக் கோப்பையில எங்கட பூனைக்கும் பால் ஊத்த ஏலா சாச்சா, பந்த உடுங்க."

சனம் சிரித்த சிரிப்பில் முதலாளி கையை எடுத்துவிட்டார், பந்து கடற்கரையில் உருள்கிறது, ஊர் இன்னும் கவிழவில்லை, அடுத்த வருசமும் மேசையை நான்தான் அடுக்குவேன்.