வண்டிக்கு ஒரு சார்ட்

எங்கள் வண்டியில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. ஸ்டியரிங்குக்குப் பின்னால், வேகம் காட்டும் முள்ளுக்குக் கீழே, இன்ஜின் படம் போட்ட சின்ன விளக்கு. என் கண்ணுக்கு அது குழாய் வைத்த வாளி மாதிரிதான் தெரியும். அது அணையாவிட்டால் அம்மா பாராடாங் போகக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். அதை அணைத்தே தீருவது என்று அம்மா ஒற்றைக் காலில் நின்றாள். அணையவே கூடாது என்று சாமியிடம் வேண்டிக்கொண்டது வீட்டில் நான் ஒருத்திதான். அப்போது எனக்கு ஒன்பது வயது.

அம்மா போர்ட் பிளேரில் நர்சாக இருந்தாள். பல வருஷம் காத்திருந்து கிடைத்த பிரமோஷன், பாராடாங்குக்கு மாற்றலையும் கையோடு கொண்டுவந்தது. அங்கே ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு அவள்தான் பொறுப்பு. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் பிரமோஷனும் போய்விடும். மேப்பில் பார்த்தால் பாராடாங் பக்கம்தான். ஆனால் நடுவில் காடு இருக்கிறது. பழங்குடி மக்களுக்கு ஒதுக்கிய காடு என்பதால் நம் இஷ்டத்துக்கு உள்ளே நுழைய முடியாது. ஜிர்காடாங் கேட்டில் வண்டிகள் வரிசையில் நிற்கும். நேரம் வந்ததும் போலீஸ் முன்னே போக, எல்லா வண்டியும் கான்வாயாகப் பின்னால் போக வேண்டும். வழியில் நிற்கக் கூடாது, இறங்கக் கூடாது, முந்தக் கூடாது. காட்டைத் தாண்டினால் வண்டியோடு ஏற்றிக்கொண்டு போகும் படகு ஒன்று. அதற்கு அந்தப் பக்கம் பாராடாங்.

வடக்கே மாயாபந்தரில் இருந்து வரும் பஸ் பாராடாங்குக்கு வரும்போதே பிதுங்கிக்கொண்டு வரும். அதை நம்பினால் வாராவாரம் வீட்டுக்கு வர முடியாது. சொந்த வண்டி இருந்தால் சனிக்கிழமை டியூட்டி முடிந்ததும் கடைசிக் கான்வாயைப் பிடித்துவிடலாம், திங்கள் காலை முதல் கான்வாயில் திரும்பிவிடலாம். இதுதான் அம்மாவின் கணக்கு. அப்பாவின் பதில் ஒரே வரி.

"விளக்கு எரியற வண்டிய எடுத்துக்கிட்டு ஜங்கிள் ரோட்டுல தனியா போவியா? அது அணைஞ்சா போ. இல்லன்னா வேணாம்னு எழுதிக் குடுத்துரு."

அந்த வருஷம்தான் எங்களிடம் வந்த அந்த வண்டிக்கு, வரும்போதே பதினோரு வயது. என்னைவிட இரண்டு வயது மூத்தது. சென்னையில் யாரோ ஓட்டிச் சலித்ததை அப்பா கப்பலில் வரவழைத்திருந்தார். அபர்டீன் பஜாரில் அவருக்கு ஆணி, கீல், பெயின்ட் விற்கும் கடை. பிரிக்காத பொட்டலத்துக்குள்ளேயே ஆணி துருப்பிடிப்பதை வருஷக்கணக்காகப் பார்த்துப் பார்த்து, உப்புக்காற்றை அவர் ஜென்மப் பகையாக நினைத்தார். அந்தப் பகையைத் தீர்த்துக்கொள்ளும் நாள் ஞாயிற்றுக்கிழமை. கோடையில் எங்கள் தெருவுக்கு மூன்று நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் வரும். நாங்கள் ஆளுக்கு அரை வாளியில் குளித்து எழுந்துவிடுவோம். வண்டிக்கு மட்டும் நான்கு வாளி. வெளியே கழுவினால் போதாது என்று பானெட்டைத் திறந்து, இன்ஜின் தலையிலும் குவளை குவளையாக நல்ல தண்ணீர் ஊற்றுவார். அப்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, அபிஷேகம் செய்யும் குருக்கள் தோற்றார்.

விளக்கு எரிந்ததும் முதல் வைத்தியம் பார்த்தது என் மாமா. அம்மாவின் தம்பி, படகுத்துறையில் வேலை, அடங்காத வாய். விளக்கின் மேல் கறுப்பு டேப்பை ஒட்டிவிட்டு, "இப்ப எரியுதா சொல்லு" என்றார். அம்மா முறைத்த முறைப்பில் அவரே பிய்த்து எடுத்தார். அடுத்து பாட்டரியின் ஒரு முனையைக் கழற்றி, பத்து நிமிஷம் பொறுத்து மாட்டினார். விளக்கு போய்விட்டது. மாமா காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். அடுத்த திங்கட்கிழமை வாளி மறுபடியும் மஞ்சளாகச் சிரித்தது.

அம்மா ஆஸ்பத்திரியில் இருந்து ஒரு நீள நோட்டு கொண்டுவந்தாள். ஸ்கேலை வைத்துக் கோடு போட்டாள். தேதி, நேரம், நிலை, காரணம், செய்தது என்று ஐந்து கட்டம்.

"என்னக்கா, வண்டிக்கு டெம்பரேச்சர் பாக்கப் போறியா?" என்றார் மாமா.

"ஆமா. ஜுரம்னு வந்தவுடனே ஊசியா போடுறோம்? எப்ப ஏறுது, எப்ப எறங்குதுன்னு நாலு நாள் பாக்கறதில்ல?"

வேலைக்குச் சேர ஐந்து வாரம் இருந்தது. அதில் மூன்று வாரம் அம்மா எழுதினாள். டியூட்டிக்குப் போகும்போதும் வரும்போதும் பார்த்து எழுதினாள். விளக்கு எரிகிறதா, எந்த மேட்டில் எரிந்தது, ஏசி போட்டிருந்ததா, அன்றைக்கு வண்டிக்கு என்ன நடந்தது, எல்லாம் எழுதினாள். பிறகு நோட்டையும் வண்டியையும் மெக்கானிக்கிடம் கொண்டுபோனாள். லீவு நாள் என்பதால் நானும் கூடப் போனேன். வண்டிக்குள் என்ன கோளாறு என்று படித்துச் சொல்லும் கருவி அவரிடம் ஒன்று இருந்தது. அது ரிப்பேராகி மெயின்லேண்ட் போயிருந்தது.

"மேடம், சென்சார் கராப். கெட்டுப் போச்சு. மெயின்லேண்ட்ல இருந்து மங்வானா படேகா, வரவழைக்கணும். ஷிப் வரணும்" என்றார் அவர். பானெட்டைக்கூடத் திறக்கவில்லை.

"கராப்னா ரோஜ் ரோஜ், தெனமும் எரியணும்ல பையா? இங்க பாருங்க. திங்கள், செவ்வாய் எரியுது. வியாழக்கிழமை தானா அணைஞ்சுருது. மூணு வாரமும் இப்படித்தான். கெட்டுப்போன சாமான் வாரத்துல பாதி நாள் மட்டும் நல்லா இருக்குமா?"

அவர் நோட்டை வாங்கிப் பார்த்தார். தமிழ் படிக்கத் தெரியாது. ஆனாலும் எண்களையும் கோடுகளையும் பார்த்துக்கொண்டே இருந்தார். "சண்டே க்யா கர்த்தே ஹோ? ஞாயித்துக்கிழமை வண்டிய என்ன செய்றீங்க?" என்று கேட்டார்.

 அம்மா நோட்டின் ஞாயிற்றுக்கிழமைகளை மட்டும் விரலால் தொட்டு, 'கழுவியது, கழுவியது' என்று படித்தாள். அப்போதுதான் அவளுக்கும் உறைத்திருக்க வேண்டும். பானெட் திறந்தது. இன்ஜினுக்குக் காற்று போகும் தடித்த குழாயின் மேல், சென்சாரை வயரோடு சேர்க்கும், என் பெருவிரல் அளவு பிளக் ஒன்று. அதை அவர் கழற்றி உதறினார். தண்ணீர்ச் சொட்டு என் கையில் தெறித்தது. உள்ளே செம்பில் பச்சை பூத்திருந்தது. துடைத்தார், ஊதினார், உலர வைத்தார், திரும்ப மாட்டினார். 'க்ளிக்' என்று ஒரு சத்தம். மாமா செய்தது போலவே பாட்டரியையும் கழற்றி மாட்டினார். விளக்கு போயிற்று.

அன்று சாயங்காலம் அம்மா நோட்டை அப்பா முன்னால் விரித்து வைத்தாள். உப்பிடம் இருந்து காப்பாற்ற அவர் ஊற்றிய நல்ல தண்ணீர்தான் வண்டிக்கு நோயாக வந்தது என்பதை அம்மா வாயால் சொல்லவே இல்லை. அப்பா முகத்தில் ஈயாடவில்லை. நோட்டை மூடி வைத்துவிட்டு, "வெளிய மட்டும் கழுவலாமில்ல?" என்று கேட்டார். அதுதான் அவர் கொடுத்த சம்மதம்.

எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள். என்னைத் தவிர. அம்மா இல்லாத வீட்டில் வாரத்துக்கு ஆறு நாள் எப்படி இருப்பது? எனக்குத் தலை பின்ன யார்? அப்பாவுக்கு ரப்பர் பேண்டு போடக்கூட வராது. அழுதால் ஒன்றும் நடக்காது என்பதும் தெரியும். அம்மா என் அழுகைக்கு இரக்கப்படுவாளே தவிர எடுத்த முடிவை மாற்ற மாட்டாள். அவள் பிடிவாதத்தில் பாதியாவது எனக்கும் வந்திருந்தது. அதை நான் வேறு வழியில் செலவு செய்தேன்.

அடுத்த வியாழக்கிழமை பள்ளிவிட்டு வந்ததும், அம்மா குளிக்கப் போன நேரத்தில், வண்டிக்குள் இருந்த பிடியை இழுத்து பானெட்டைத் தூக்கினேன். பிளக்கை முழுதாகக் கழற்றவில்லை. அந்த 'க்ளிக்'குக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கும்படி இழுத்துவிட்டேன். அன்றைக்கு மாலை பஜாருக்குக் கிளம்பிய வண்டி, குண்டும் குழியுமான எங்கள் தெருமுனையைத் தாண்டுவதற்குள் மஞ்சள் விளக்கைப் போட்டுக் காட்டியது.

அம்மா ஓரம் கட்டி இறங்கினாள். பானெட்டைத் திறந்து பார்த்தாள், பிளக்கை அழுத்தினாள். 'க்ளிக்'. பிறகு என்னை ஒருமுறை பார்த்தாள். பஜார் வேலையை விட்டுவிட்டு என்னைக் கடலோரம் கூட்டிப்போனாள். சமோசா வாங்கித் தந்தாள். எனக்கு ஒரே ஆச்சரியம். சந்தேகம் வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஆகவே அடுத்த செவ்வாய்க்கிழமையும் செய்தேன். அம்மா அதையும் கண்டுபிடித்துச் சரிசெய்தாள்.  அன்றைக்கு என்னைத் தன் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டு, பாராடாங்கில் அவளுக்குக் கிடைக்கப்போகும் குவார்ட்டர்ஸ் பற்றிச் சொன்னாள். லீவுக்கு வந்தால் எனக்குத் தனிக் கட்டில் என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டே தூங்கிப்போனேன். அப்பாவிடம் அந்த இரண்டு நாள் கதையையும் அவள் சொல்லவில்லை.

சேர வேண்டியதற்கு முந்தின ஞாயிறு மூவரும் கிளம்பினோம். அம்மாவை விட்டுவிட்டு நானும் அப்பாவும் பஸ்ஸில் திரும்புவதாக ஏற்பாடு. காலையில் அவர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தபோது மூன்றாவது முறையும் என் வேலையை முடித்துவிட்டேன். வீட்டு வாசலிலேயே விளக்கு எரியும், அப்பா "வேணாம்" என்பார், பெட்டி உள்ளே போகும் என்பது என் திட்டம். பாழாய்ப்போன பிளக் நல்ல ரோட்டில் ஒழுங்காக உட்கார்ந்திருந்தது. ஜிர்காடாங் வந்து, டீக்கடைகளுக்கு எதிரே வரிசையில் நின்று, அப்பா செக்போஸ்ட்டில் ஃபாரம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்த பிறகு, வரிசை கொஞ்சம் நகர்ந்தது. வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. விளக்கு எரிந்தது.

அப்பா பார்த்துவிட்டார். "திருப்பு வண்டிய" என்றார்.

"கேட் தெறக்க இன்னும் இருபது நிமிஷம் இருக்கு."

"உள்ள போய் நின்னுருச்சுன்னா? இறங்கக்கூட முடியாது. நடுக்காட்டுல என்னடி பண்ணுவ?"

அதைக் கேட்டதும்தான் எனக்கு உறைத்தது. இத்தனை நாளும் நான் அம்மா வீட்டில் இருப்பதை மட்டுமே நினைத்திருந்தேன். அம்மா தனியாக அந்தக் காட்டில் நின்றுபோன வண்டிக்குள் உட்கார்ந்திருப்பதை ஒருமுறைகூட நினைத்துப் பார்க்கவில்லை.

அம்மா இறங்கி பானெட்டைத் திறந்தாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். எதையும் தொடவில்லை.

"பாப்பா, இங்க வா. உன் கை சின்னது. உள்ள விட்டு அந்தப் பிளக்க அழுத்து."

போனேன். முன்பு இரண்டு முறையும் அம்மாவின் கையே போதுமாக இருந்தது எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை. பிளக்கில் விரல் வைத்தேன். கொஞ்சம் குறைத்து அழுத்தினால் போதும், சாயங்காலம் எல்லாரும் வீட்டில் இருக்கலாம். அம்மா என் முகத்தைப் பார்க்காமல் இன்ஜினையே பார்த்துக்கொண்டிருந்தாள்.  பல்லைக் கடித்துக்கொண்டு, இருந்த பலத்தை எல்லாம் கூட்டி அழுத்தினேன். 'க்ளிக்' சத்தம் அப்பாவுக்குக்கூடக் கேட்டிருக்கும்.

அம்மாவின் கைப்பையில் ஸ்பானர் தயாராக இருந்தது. பாட்டரியைக் கழற்றினாள், கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிஷம் நின்றாள், மாட்டினாள். சாவியைத் திருப்பியபோது எல்லா விளக்கும் ஒருமுறை எரிந்து, வண்டி கிளம்பியதும் எல்லாமே அணைந்தன. அப்பா எட்டிப் பார்த்துவிட்டு பெல்ட்டை மாட்டிக்கொண்டார். கேட் திறந்தது. காடு முடியும்வரை மூன்று பேரும் அந்த மஞ்சள் விளக்கின் இடத்தையே பார்த்துக்கொண்டு போனோம். அது எரியவே இல்லை.

படகில் வண்டி ஏறியதும் அம்மா நோட்டை எடுத்து என்னிடம் கொடுத்தாள். "இன்னைக்கு நீ எழுது" என்றாள். அப்பா படகின் ஓரத்தில் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நோட்டைப் புரட்டினேன். பழைய பக்கங்களில் எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருந்தன. கடைசிப் பக்கத்தில் அந்த வியாழக்கிழமைக்கு நேரே, காரணம் என்ற கட்டம் காலி. செய்தது என்ற கட்டத்தில், 'கடலோரம் கூட்டிப்போனேன். இரண்டு சமோசா. அதிகம் பேசவில்லை' என்று இருந்தது. செவ்வாய்க்கிழமைக்கு நேரேயும் காரணம் காலி. செய்தது, 'பக்கத்தில் படுக்க வைத்தேன். தூங்கும்வரை கையை விடவில்லை.'

"அம்மா, வண்டி நோட்டுல வேற என்னமோ எழுதி வச்சிருக்க" என்றேன்.

"சரியாத்தான் எழுதியிருக்கேன். நீ எழுது."

நான் தேதி எழுதினேன், நேரம் எழுதினேன். காரணம் என்ற கட்டத்தில் 'தெரியவில்லை' என்று எழுதினேன். செய்தது, 'நான் அழுத்தினேன்.' அம்மா வாங்கிப் படித்தாள். டியூட்டி முடிந்து சார்ட்டைக் கொடுக்கும்போது போடுவது போல அடியில் கையெழுத்துப் போட்டாள். என் தலையைக் கலைத்துவிட்டாள், பிறகு அவளே சரிசெய்தாள்.

திரும்பும் பஸ்ஸில் அப்பாவின் தோளில் சாய்ந்துகொண்டு எனக்கு அந்த யோசனைதான். எவ்வளவு கவனமான நர்ஸ், இரண்டு இடத்தில் இப்படித் தப்பாக எழுதிவிட்டாளே, புது ஆஸ்பத்திரியில் யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று கவலையாக இருந்தது. "என்ன யோசிக்கிற?" என்று அப்பா கேட்டார். நான் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன். அவரிடம் அம்மாவை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.